மிகச் சிறிய அளவு

ஆரணியில் நெல் வியாபாரம் செய்யும் சமணரான புஷ்பதந்தனின் ஒரே மகள் அமிர்தா, கடலோரக் காவல் படையில் ஹெலிகாப்டர் ஓட்டினாள். ஒல்லியான உடம்பு. வேலைக்குச் சேர்ந்ததும் கொடுத்த உயிர்காப்பு ஜாக்கெட்டை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே ஒரு கை தாராளமாக நுழைந்தது.

"இதுக்குக் கீழ சைஸ் இல்ல மேடம்" என்றார் ஸ்டோர்காரர்.

வருடந்தோறும் கருத்துக் கேட்டுப் படிவம் வரும். மூன்று வருடமும் அதையே எழுதினாள்.

போன ஐப்பசியில் கடலுக்கு மேலே இன்ஜின் நின்றுபோனது. தண்ணீரில் இறங்கிய ஹெலிகாப்டரிலிருந்து மூன்று பேரும் வெளியேறினார்கள். அந்த அவசரத்தில் அமிர்தாவின் வலது தோள் மூட்டு நழுவிவிட்டது. காற்று நிரம்பிய ஜாக்கெட் காதுவரை ஏறிக்கொள்ள, அவள் மட்டும் கீழே அமிழ்ந்தாள். படகு வரும்வரை, ஐம்பது நிமிடம், இடது கையால் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். விட்டால் மூக்கில் தண்ணீர் ஏறியது.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்கு அம்மா சந்திரகாந்தாதான் தலை வாரிவிட்டாள். அப்பாவுக்கு ஆறவில்லை.

"சொல்லியிருந்தா நம்ம டெய்லர் சுப்பராயலுகிட்ட ஜல்தியா பிடிச்சிக் குடுத்திருப்பேனேமா."

"அதுல ஊசியே படக்கூடாதுப்பா. ஒரு தையல் மாறினாலும் செல்லாது."

"உன் அளவுக்காவது குடுக்கச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எழுதிகினேதான்பா இருந்தேன்."



தை மாதம் வழக்கமான படிவம் மின்னஞ்சலில் வந்தது. இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். கருத்துக்கான கட்டம் இருநூறு எழுத்தோடு நின்றுவிட்டது. அவள் அப்போதுதான் தண்ணீரில் விழுந்ததுவரை வந்திருந்தாள். அப்படியே அனுப்பினாள். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

இனிப் பறக்க வேண்டாம், அலுவலக வேலைதான் என்று மாசியில் மருத்துவக் குழு முடிவு சொன்னது. மறுநாள் மாலை, படையில் புதிதாகச் சேர்ந்த விமானி சங்கீதா போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்குக் கடல் மேல எனக்கு ஃபர்ஸ்ட் ஃப்ளைட். ஜாக்கெட் ரொம்ப லூசா இருக்குக்கா. என்ன பண்றது?"

"கீழ் வாரை நல்லா இழுத்துக் கட்டிக்கோ."

"கட்டிட்டேன்க்கா. அப்பவும் கை நுழையுது."



"பொழுது சாயுது பாரு, இருட்டறதுக்குள்ள சாப்ட வா" என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். சங்கீதா இன்னும் லைனில் இருந்தாள்.