குறட்டை வழக்கில் அரசியல் சட்டம்

வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சாதகமாக லண்டன் நடுவர்கள் சொன்ன தீர்ப்பு நம் அரசியல் சட்டத்துக்கு விரோதம், இங்கே செல்லாது என்றது சர்க்கார் மனு. வஞ்சியூர் வக்கீல் குமாஸ்தா சிவதாணு அதைத் தட்டச்சு செய்தார். அவர் சொந்தமாகச் சேர்த்தது எழுத்துப்பிழைகள் மட்டும். ஆனாலும் சட்டத்தையே தான் இயற்றியதுபோன்ற மிதப்பில் வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அவருடைய குறட்டை வழக்கு. விசாரித்த மைத்துனன், "அத்தான் வராந்தாவுல படுக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தான்.

"வெளியாள் தீர்ப்பு இந்த வீட்டுல செல்லாது, கேட்டியா," என்றார் மனைவியிடம்.

"அவனை நடுவராக் கூட்டிட்டு வந்ததே நீங்கதான்லா? என்ன சொன்னாலும் கேப்பேன்னும் சொன்னியளே," என்றாள் முத்தாரம்மாள்.

கம்பெனி வக்கீலும் சர்க்காரிடம் இதையேதான் கேட்டிருந்தார். மனுவில் அதற்குப் பதில் வரவேண்டிய இடத்தைச் சீனியர் வக்கீல் இன்னும் காலியாகவே விட்டிருந்தார். சிவதாணு பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.