வைரமா, வைரம் மாதிரியா?

காளவாசல் நகைக்கடைகளில் ஏறி இறங்கிய முழங்கால் வலி இன்னும் விடவில்லை. என் தங்கை செல்வியின் மகள் கயலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று... வைரத் தோடு.

செல்விக்குக் கட்டுப்படியாகாது. வைரம் மாதிரி இருந்தால் போதும் என்றாள். அந்த 'மாதிரி'யில்தான் எத்தனை ரகம்! கண்ணாடிக் கல் — பின்பூச்சில் தண்ணீர் இறங்கினால் கறுத்துவிடும். அமெரிக்கன் டைமண்ட் — புதிதில் பளபளக்கும், நாள்பட்டால் கீறல் விழுந்து மங்கும். மொய்சனைட் — வைரம் மாதிரியே ஆய்வகத்தில் செய்கிற கல், லேசில் மங்காது. வைரத்தைவிடக் கூடுதலாகவே வானவில் அடிக்கும்.

"வைரம் சோதிக்கிற சாதா டெஸ்டர் வச்சாலும் இது வைரம்னுதான்க்கா காட்டும். அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று செல்வி என் காதில் சொன்னாள்.

கயலுக்குக் கேட்டுவிட்டது. போட்டுப் பார்த்த தோட்டைக் கழற்றி வைத்தாள்.

"அந்த வீட்ல இருக்கப்போறது நாந்தானம்மா. யாரு இதத் தொட்டாலும் எனக்குப் பக்குன்னு இருக்கணுமா?"

அங்கேயே நின்று, நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் வருங்கால மாமியாருக்கு போன் போட்டாள்.

"அத்தை, வைரம் எங்களால முடியல. மொய்சனைட்னு ஒரு கல்லு பாத்திருக்கோம். ஒங்ககிட்ட மறைக்க மனசு வரல."

"யோசிச்சுச் சொல்றேம்மா." லைன் கட்.

அதன்பிறகு பதிலே இல்லை. கோச்சடை வீட்டில் செல்வி மகளோடு பேசுவதை நிறுத்தினாள். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதா, வேண்டாமா என்று என்னிடம் போனில் அழுதாள். ஆறுதல் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துபோனேன். உண்மை பேசிய கயலாவது நிம்மதியாகத் தூங்கினாளா? எங்கே... அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா நேரில் வந்தார். கயலைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எங்கிட்ட சொன்னியே, அது போதும்த்தா. அந்தக் கல்லே போடு. ஆனா எங்க சொந்தக்காரவுக கேட்டா வைரம்னு சொல்லிரு. நானும் அப்படித்தான் சொல்லப்போறேன்."

செல்வி வேகமாகத் தலையாட்டினாள். கயல் ஆட்டவில்லை.

"நீங்க சொல்லுங்க அத்தை. நான் பேசாம இருந்துக்கிறேன்."

சம்பந்தியம்மா அதுவரை தொடாத காபியைக் கையில் எடுத்தார். செல்விக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போன வாரம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் என் பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டு உறவுக்கார அம்மாள் ஒருவர்.

"பொண்ணு தோடு வைரமா? இம்புட்டு மின்னுதே?"

உண்மை சொல்லவும் தெம்பில்லை, பொய் சொல்லவும் தெம்பில்லை.

"ஒங்களுக்குப் பாயசம் வரலையா?" என்று கேட்டுவைத்தேன்.