கால் விரலுக்கடியில் நொறுங்கியது

தொண்ணூறுகளின் கடைசியில், ஆரணியில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்தபோது நடந்தது இது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு தறியில் பட்டு நெய்தார்கள்.

நான் பிறக்கும்போது கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் மூச்சுப்பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் சந்தவாசலிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் மாதமே இது தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படும் என்னிடம் யார் யாரோ வந்து குப்புறப் படுத்து முதுகைக் காட்டுவார்கள். தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி, குழித்தறியில் நாளெல்லாம் குனிந்து உட்காருகிறவர்களுக்கு மூச்சுப்பிடிப்பு அடிக்கடி வரும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற இடத்தில் காலை வைத்து அழுத்தி எடுப்பேன். எழுந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "வுட்டுடுச்சும்மா" என்று போவார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு நாள் காலை வீட்டுக்காரரின் அண்ணனுக்கு இடது பக்கம் பிடித்துக்கொண்டது. அவர் எதிரில் நான் நின்று பேசியதுகூடக் கிடையாது. மிதிக்க வேண்டும் என்றதும் உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டுக்காரரும் சரிகை வாங்க வெளியே போயிருந்தார். வைத்தியத்தில் அந்த மரியாதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று அவர் மனைவி, என் ஓரகத்தி, என் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அவர் சட்டையில்லாமல் பாயில் குப்புறக் கிடந்தார். மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டு கால் விரல்களை மட்டும் வைத்தேன். இன்னும் அழுத்தக்கூட இல்லை.

விரலுக்கடியில் பொரி நொறுங்குவது போல இருந்தது.

சட்டென்று காலை எடுத்தேன். பார்த்தால் தோலில் ஒரு கீறல்கூட இல்லை, லேசாக உப்பியிருந்தது, அவ்வளவுதான். குனிந்து கையால் தொட்டேன். தோலுக்கு அடியில் அதே நொறுநொறுப்பு. எத்தனையோ முதுகை மிதித்திருக்கிறேன், எதுவும் இப்படி இருந்ததில்லை.

"இன்னாடி நின்னுட்ட? ஜல்தியா மிதி" என்றாள் ஓரகத்தி.

"உள்ள ஏதோ நொறுங்குதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "வைத்தியரம்மாவுக்கே பயம் வந்துடுச்சு, பாரு. நவுருமா, நான் ஏறி நிக்கறேன்."

"யாராச்சும் ஒருத்தர் மிதிங்க" என்று பாயிலிருந்து முனகினார் அவர். "முகூர்த்தப் புடவை தறியில நிக்குது. நானே பேஜாருல கெடக்கறேன்."

பக்கத்து வீட்டுக்காரர் நிஜமாகவே வேட்டியை மடித்துக் கட்டினார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. பாயில் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்துக்கு மேலே இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டேன். "யாரும் கால் வெக்கக் கூடாது" என்றேன். என் குரல் அத்தனை சத்தமாக வந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஓரகத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததுமே படம் எடுக்க அனுப்பினார்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"விழலைங்க. முந்தாநாள் தறிக்குழியில எறங்கறப்ப கால் வழுக்கி, மரத்துல விலா இடிச்சிகினுது. அப்பவே சரியாப் பூடுச்சு."

அப்போதுதான் எங்களுக்கே அது தெரியும். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சைச் சுற்றி வளைவு வளைவாக வெள்ளைக் கோடுகள் இருந்தன. விலா எலும்பு அவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதில் இரண்டு உடைந்திருந்தன. ஒன்றின் முனை நுரையீரலைக் குத்தி, காற்று கசிந்து தோலுக்கடியில் வந்து தங்கியிருந்தது. நொறுங்கியது அந்தக் காற்றுதான்.

"யாராவது மிதிச்சீங்களா?" என்று கேட்டார்.

"விரல் மட்டும் வெச்சேங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏறி நின்னிருந்தா, இவரை இங்க கொண்டாந்திருக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது."

ஓரகத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விலா எலும்புகளுக்கு நடுவில் துளை போட்டு, குழாய் வைத்து உள்ளே தேங்கியிருந்த காற்றை எடுத்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் இந்த எலும்பு எல்லாம் வாளியின் கைப்பிடி மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும் என்று நர்ஸம்மா சொன்னார். முதுகைப் பலகை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

அவர் பிழைத்து வந்து, மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். நான் அதற்குப் பிறகு யாரையும் மிதிக்கவில்லை. கெஞ்சினார்கள், சிலர் திமிர் என்றார்கள். என் காலில் ஏதோ சக்தி இருப்பதாக நானும் நம்பிக்கொண்டுதான் அத்தனை பேர் முதுகில் கால் வைத்தேன். அவர்கள் நல்லபடியாக எழுந்து போனதற்குக் காரணம் என் கால் இல்லை, அந்த ஒல்லி எலும்புகள் என்னைப் பொறுத்துக்கொண்டதுதான் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது.