ஒரு மணி நேர சார்ஜ்

மின்கம்பங்கள் முடிகிற இடத்துக்கும் மேலே, மலைச்சரிவில் ஒற்றை வீடு. முப்பத்தோரு வருடம் ஊருக்கெல்லாம் கம்பி இழுத்த லைன்மேன், ஓய்வு பெற்றதும் கரண்ட் இல்லாத இடமாகப் பார்த்துக் குடியேறினார். மனைவி இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது கேலி செய்யவும் ஆளில்லை.

கூரையில் சோலார் உண்டு. மழை மாதங்களில் அது தண்டம். ஜெனரேட்டரை ஓட்டித்தான், வீட்டை ஒட்டிய கொட்டகையில் இருக்கும் நான்கு பாட்டரிகளுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். அவற்றில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜில் அவருடைய இன்சுலின் இருக்கிறது. விளக்கு எரியாவிட்டால் இருட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். இன்சுலின் கெட்டால் ஆளே படுத்துவிடுவார்.

இந்த மழையில் ஃபிரிட்ஜ் விடிவதற்குள் அணைந்துபோக ஆரம்பித்தது. பாட்டரி மெக்கானிக் வந்தான். ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் ஆசிடை உறிஞ்சிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“தினமும் எவ்வளவு நேரம் ஓட்டுறீங்கண்ணே?”

“ஒரு மணி நேரம்.”

“அது வாய் கொப்பளிக்கத்தான் காணும். மொதல்ல விறுவிறுன்னு ஏறும், கடைசிப் பங்கு ஆமை மாதிரிதான் ஏறும். சாப்பிட உக்காந்தவனை தினமும் பாதியில எழுப்பிவிட்டா? பாட்டரிக்குள்ள பிளேட்டெல்லாம் வெள்ளை பூத்துப்போச்சு. லைன்மேனுக்கு நான் சொல்லித் தரணுமா?”

“தெரியும்ப்பா.”

“தெரிஞ்சுமா?”

“அது ஓடினா போன் அடிக்கிறது கேக்காது. பொண்ணு எப்பக் கூப்பிடுவான்னு சொல்ல முடியாது.”

மெக்கானிக் கேலியை விட்டான். “நாளைக்கு எட்டு மணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க. பிழைச்சாலும் பிழைக்கும். வாயு கிளம்பும், பொறி பட்டா வெடிக்கும்; கொட்டகைக் கதவைத் திறந்து வெச்சுப் பக்கத்துலயே இருந்து செல்லுல தண்ணி குறையாம பாத்துக்குங்க. போன் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.” ஹைட்ரோமீட்டரையும் விட்டுப்போனான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெனரேட்டரை இழுத்துவிட்டார். இரண்டு முறை வீட்டுப் பக்கம் எழுந்து நடந்தார். இரண்டு முறையும் பாதியில் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு மணிக்கு நிறுத்தியபோது காது ‘ஙொய்’ என்றது. செல் செல்லாக அளந்து ஒரு தாளில் எழுதினார். இரண்டு செல் மட்டும் மந்தம். மற்றவை பிழைத்துவிட்டன.

போனில் ஒரே ஒரு தவறிய அழைப்பு. மெக்கானிக்.

திருப்பிக் கூப்பிட்டார்.

“ஏறிச்சாண்ணே?”

“ஏறிச்சு.”

“அப்ப சரி, வெச்சுடறேன்.”

“இருப்பா. அளவெல்லாம் கேட்டுக்க. மொதல் பாட்டரி, மொதல் செல்…”

மொத்தம் இருபத்துநாலு செல். ஒன்றையும் விடாமல், அவசரப்படாமல் வாசித்தார்.