சுலைகா அக்கா ஃபெயில் போட்ட வருடம்

சுலைகா அக்கா மறைந்த செய்தி எங்கள் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. அனுப்பியவர் இயக்குநர். "திறன் மேம்பாட்டின் தூண் சாய்ந்தது. ஐரோப்பியத் தரத்தை நம் மண்ணில் நட்ட அம்மையார்" என்று எழுதி, கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டு, கீழே மறக்காமல் தன் பதவியையும் போட்டிருந்தார். அந்த அம்மையாரைத் தேர்வுப் பொறுப்பிலிருந்து தூக்கி, சாமான் போடும் அறையில் உட்கார வைத்ததும் இவரேதான். இயக்குநரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் மகிழ்ந்துபோவார்.

அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கும், அவர் முன்னால் நின்று தேர்வு கொடுத்த பழைய மாணவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்கு கெலுகோரில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடக்கும் தொழிற்பயிற்சி மையத்தில் மின்துறையின் தலைமைத் தேர்வாளராக இருந்தவர். வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில். நான் அதே துறையில் வயரிங் சொல்லிக்கொடுப்பவன், அவருக்குப் பக்கத்து மேசை. அவர் யாரைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது.

ஐரோப்பியத் திட்டம் வந்தபோது நாங்கள் எல்லோரும் பல்லை இளித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. தொழிலாளர்களின் திறனை வளர்க்க ஐரோப்பாவில் ஒரு கொள்கை வைத்திருக்கிறார்கள், அதன்படி பயிற்சி கொடுத்தால் நிதியும் கருவிகளும் தருவோம் என்றார்கள். அதை விளக்க, கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் கூட்டம். வண்ணக் காகிதத் துண்டுகளில் எங்கள் கனவுகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். இயக்குநர் கை கொள்ளாமல் கனவுகளை எடுத்துப்போய் ஒட்டினார். அக்கா என் பக்கம் சாய்ந்து, "அவங்க ஊர்ல மெஷின் பக்கத்துல நின்னு தொழில் கத்துக்குடுப்பாங்க. நமக்குன்னா ஏர்கோன் போட்டு, கேக் குடுத்து, கனவு காணச் சொல்வாங்க லா தம்பி" என்றார்.

ஆனால் கூட்டத்தில் கொடுத்த அந்தத் தடித்த கொள்கை விளக்கத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் அதோடு கொடுத்த துணிப்பையை எடுத்துக்கொண்டோம். எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தான் என்பது கணக்கில்லை, கையால் என்ன செய்யத் தெரியும் என்பதே கணக்கு என்று அதில் இருந்ததாம். தேர்வாளரின் முடிவில் யாரும் தலையிடக் கூடாது, தேறாதவனுக்கு மறுபடி பயிற்சி கொடுப்பது மையத்தின் கடமை என்றும் இருந்ததாம். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. படிச்சா வேலை செய்ய வேண்டி வரும்னுதான் நம்ம ஆளுங்க தொடல" என்றார். ஐரோப்பாக்காரர்களைக் கும்பிட்டவர்கள் யாரும் அவர்கள் எழுதியதை மதிக்கவில்லை. மதித்தவர் கும்பிடவில்லை.

திட்டத்தின் பெயரால் ஓர் இயந்திரம் வந்தது. தொழிற்சாலையில் இருப்பது போலவே மோட்டார்கள், கட்டுப்பாட்டுப் பெட்டி, எல்லாம் இருக்கும். ஆசிரியர் அதில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைப்பார், மாணவன் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பழுதாவதற்கென்றே பிறந்த இயந்திரம். அது பழுதாகிவிடக் கூடாது என்று எங்கள் இயக்குநர் அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறையைப் போட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினார். ஐரோப்பியக் குழு பார்வையிட வரும்போது புதிதாக மின்ன வேண்டுமாம். ஆயுத பூஜைக்கு அதற்குத்தான் முதல் மாலை. உறையின் மேலேயே சந்தனம், குங்குமம். அக்கா சுண்டலை வாங்கி நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, "படைச்சாச்சுல்ல பாஸ், இப்ப கழட்டி பிள்ளைங்க கையில குடுங்க" என்றார். இயக்குநர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அந்த ஆண்டு சேர்ந்த அணி மாணவர்கள் பயிற்சிக் காலம் முழுவதும் அதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். நான் கரும்பலகையில் அதன் படத்தை வரைந்து பாடம் நடத்தினேன்.

தேர்வு நாளன்று அக்கா தானே கத்தரிக்கோலை எடுத்துவந்து அந்த உறையை வெட்டினார். உள்ளே சின்னதாக ஒரு பழுதை வைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவருக்கும் வரவில்லை. சிலருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதே தோன்றவில்லை. அக்கா திறக்கவிடாமல் கையைத் தட்டிவிட்டார். எல்லோரும் ஃபெயில். அடுத்த வாரம் ஐரோப்பியக் குழு வருகிறது, அவர்கள் முன்னால் பட்டமளிப்பு. பலருக்குப் பாயான் லெபாஸ் தொழிற்சாலைகளில் வேலை தயாராக இருந்தது, சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. இயக்குநர் ஓடிவந்தார். "அக்கா, பிள்ளைங்க எதிர்காலம் அக்கா" என்றார். "அதைத்தானே பாஸ் இத்தனை நாளா பிளாஸ்டிக் போட்டு மூடி வெச்சிருந்தீங்க? மூணு மாசம் குடுங்க. இதுலயே போட்டு உருட்டி எல்லாரையும் தேத்திடறேன்" என்றார் அக்கா. மூன்று மாதமெல்லாம் இயக்குநரால் முடியாது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது.

பெற்றோர்கள் அக்காவின் வீட்டு வாசலுக்கே போனார்கள். யார் முகவரி கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காயத்ரி என்ற மாணவியின் அப்பா லோரி ஓட்டுபவர், அவர்தான் அதிகம் கத்தினார். "நம்ம பிள்ளைங்க மேல வரக்கூடாதுன்னு பாக்குறீங்களா?" என்று ஆரம்பித்து, அதற்குமேல் எழுதக் கூசும் வார்த்தைகளெல்லாம் பேசினார். நானும் அங்கே இருந்தேன். அக்கா கதவைச் சாத்தவில்லை. "அண்ணே, உங்க மக மூணு ஃபேஸ் கரண்ட்டுல கை வைக்கப் போறா. அவளுக்கு இன்னும் தெரியல. தெரியலன்னு நான் சொல்லாம வேற யார் சொல்வா?" என்றார். காயத்ரி அப்பாவின் பின்னால் தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளைத் தேற்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அது வராது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இயக்குநர் தனக்கு வேண்டிய ஒருவரை வெளியிலிருந்து தேர்வாளராக அழைத்துவந்தார். அவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை, ஆளுக்கு இரண்டு வாய்மொழிக் கேள்வி கேட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரையும் தேறவைத்துவிட்டார். பட்டமளிப்பில் ஐரோப்பியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர்கள் தங்கள் கொள்கை பினாங்கில் வெற்றி கண்டதாகப் பேசினார்கள். தங்கள் இயந்திரத்தின் உறை ஏன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்கா அன்று சாமான் அறையில் பழைய ஸ்விட்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றார். பிரிவு விருந்து வேண்டாம் என்றார், "சாப்பாடு நல்லாருக்காது" என்று காரணமும் சொன்னார்.

அக்காவின் ஜனாஸாத் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குப் போனேன். இயக்குநர் ஐரோப்பியக் கூட்டாளிகள் சார்பாக ஆளுயர மலர்வளையம் ஒன்றோடு வந்து இறங்கினார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், மலர்வளையம் வைக்கும் வழக்கமே இல்லாத பள்ளிவாசலுக்கு மலர்வளையம். அவர்களுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அங்கிருந்த பெரியவர் ஒருவர் அதை வாங்கிச் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அடக்கத்துக்குப் புறப்படுமுன் இயக்குநர் என் காதருகே வந்து, "அடுத்த மாசம் தேர்வு, நீங்களே தேர்வாளரா இருந்து முடிச்சுடுங்க லா. பெரிய குழு வருது. அக்கா மாதிரி பண்ணிடாதீங்க" என்றார். இறந்தவர் இன்னும் அந்த வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் காயத்ரியின் அப்பாவைப் பார்த்தேன். கூட்டத்தை விட்டு ஒதுங்கி, லோரிக் கம்பெனிச் சட்டையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"சார், மகதான் போகச் சொன்னா. அவளுக்கு லீவு கிடைக்கல."

"எப்படி இருக்கா?"

"இப்ப டெக்னீஷியன் சார். சேர்ந்த முத வாரமே சூப்பர்வைசர் பெட்டியத் திறக்கச் சொல்லியிருக்கான். இவ, எனக்குத் தெரியாது, டெஸ்ட்ல ஒரு அம்மா என்னை ஃபெயில் போட்டாங்கன்னு சொல்லிட்டா. கேவலமாத்தான் பேசியிருக்காங்க. ஆனா ஆறு மாசம் பக்கத்துல நிக்க வெச்சு சொல்லிக் குடுத்தாங்க." செருப்புகளுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த மலர்வளையத்தைத் திரும்பிப் பார்த்தார். "அவளோட சேர்ந்த பையன் ஒருத்தன், தெரியும்னு சொல்லிட்டு பெட்டியத் திறந்துட்டான் சார். செர்டிஃபிகேட்தான் இருக்கே. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டான். வேலைக்கெல்லாம் போறதில்ல."

அந்தப் பையனும் நான் கரும்பலகையில் படம் வரைந்து பாடம் சொன்னவன்தான்.

இறந்தவரிடமிருந்து நான் பெற்றது இன்னது என்று சொல்லி இதுபோன்ற கட்டுரையை முடிப்பது வழக்கம். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அவருடைய இளக்காரம். அது முழுசாக வந்திருக்கிறது, இவ்வளவு நேரம் நீங்களும் படித்தீர்கள். ஆனால் அவர் இளக்காரமாகப் பேசிவிட்டு, எழுந்து போய் ஃபெயிலும் போட்டார். நான் பேசுவதோடு சரி. அடுத்த மாதம் ஓர் அணிப் பிள்ளைகள் என் முன்னால் வந்து நிற்பார்கள். அக்காவிடமிருந்து எனக்கு வேறு ஏதாவதும் வந்திருக்கிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.