முதல் நோயாளியும் மண்பட்டியும்

எண்பதுகளின் மத்தியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடையின் மாடியில் நடந்தது இது.

அப்போது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரான கிள்ளானில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டை மாற்றி, இடுப்புக் குளியல் எடுத்த பிறகு என் பல வருடத் தலைவலி குறைந்தது. அதிலிருந்து இயற்கை மருத்துவத்தின் மேல் ஒரு பிடிப்பு. ஞாயிறுதோறும் பஸ் ஏறி அந்த மாடி வகுப்புக்குப் போனேன். பாடம் புரிந்தது. மண்பட்டி போடுவதில், அதாவது குழைத்த களிமண்ணை ஈரத்துணியில் பரப்பி உடம்பில் வைப்பதில், எனக்கு நல்ல பெயர். ஒரே குறை, எனக்குப் பேச வராது.

புது ஆளின் முகத்தைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வேன். இயற்கை மருத்துவத்திலோ முதல் கேள்வியே வயிற்றைப் பற்றியது. தினமும் வெளிக்குப் போகிறதா, எந்த நேரத்தில், சிரமம் உண்டா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். கூடப் படித்த பெண்களிடம் பயிற்சிக்காகக் கேட்டுப் பார்த்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது.

அன்றைக்குக் கடைசித் தேர்வு. வெளியிலிருந்து வரும் ஒரு நோயாளியை நாமே விசாரித்து, பிறகு சிகிச்சை கொடுக்க வேண்டும். நோயாளியைப் பேச வைக்கத் தெரியாதவருக்குச் சான்றிதழ் கிடையாது என்று ஆசிரியர் முன்பே சொல்லிவிட்டார். அவர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். தேறாவிட்டால் மறுபடி ஒரு வருடம் வகுப்புக்கு வர வேண்டும். அதற்கு வீட்டில் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு வந்தவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கும் அக்கா. நல்ல வாட்டசாட்டம். ஆள் வருமுன் குரல் வந்துவிட்டது.

"எங்க லா டாக்டரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"நீயா? உன்னப் பாத்தாதான் பேஷன்ட் மாதிரி இருக்கு. சாப்பிட்டியாம்மா?"

அறையே சிரித்தது. அவர் உட்கார்ந்து, தலைவலி, வயிறு உப்பிக்கொள்கிறது என்று தானாகவே சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இப்போது நான் கேட்க வேண்டும். அதற்குப் பதில் "படுங்கக்கா" என்றேன். வயிற்றில் ஒரு மண்பட்டி, கண்களின் மேல் ஒன்று என்று மளமளவென வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, விசாரிக்காமலே சிகிச்சையை ஆரம்பித்திருக்கிறேன். ஆசிரியர் தடுப்புத் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

தலையைக் குனிந்தபோது அந்த அக்காவின் முகம் தெரிந்தது. கண்கள் மண்ணுக்கு அடியில் இருந்தன. அவரால் என்னைப் பார்க்க முடியாது. சட்டென்று எனக்குக் குரல் வந்துவிட்டது.

"அக்கா, தினமும் வெளிக்குப் போகுதா?"

அந்தப் பெரிய குரல் கிசுகிசுப்பாக மாறியது.

"அத ஏன் கேக்குற தங்கச்சி. கேன்டீன் கக்கூஸ் வாசல்லதான் ஆம்பளைங்க எல்லாம் நின்னு சிகரெட் பிடிப்பானுங்க. அவனுங்க முன்னால எப்படிப் போறது? அதனால வீட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணியே குடிக்கமாட்டேன். வந்தாலும் வரமாட்டேங்குது. எங்க வீட்டுக்காரருக்கே இது தெரியாது. வெளிய சொன்னே, மீன் வெட்டுற கத்தியோட வருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்க, வயிறு குலுங்கி மண்பட்டி சரிந்து விழுந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டே மற்றதையெல்லாம் கேட்டேன். என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்றேன், பப்பாளி சாப்பிடச் சொன்னேன்.

அவர் போனதும் ஆசிரியர் வந்தார்.

"எல்லாத்தையும் தலைகீழாச் செய்திருக்கிறீர் பிள்ளை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா நான் கேட்டிருந்தா அந்த மனுசி இதைச் சொல்லியிருக்காது. நீர் பாஸ்."

சில வாரம் கழித்து என் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வகுப்பில் விலாசம் வாங்கி வந்த அந்த அக்கா இறங்கினார், பின்னால் கேன்டீன் பெண்கள் மூன்று பேர்.

"இதுதான் லா நான் சொன்ன டாக்டரு. மூஞ்சியப் பாத்தா பேசாது. நாம கண்ண மூடிக்கிட்டா எல்லாத்தையும் கேட்டுரும்."

தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்த மூன்று பேருக்கும் பாய் விரித்தேன். அன்று முதல் நான் வைத்தியம் பார்க்கிறவள்.

என்னைப் போலவே கூச்சப்படுகிறவர்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டியவர் அந்த அக்காதான். இன்றைக்கும் வந்தவுடன் கலகலவென்று பேசுகிறவரைப் பார்த்தால், இவரும் ஏதோ ஒன்றைச் சொல்ல முடியாமல்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் முதலில் மண்ணைக் குழைக்கிறேன்.