கறுப்புத் துணிக்குள் காரியக்காரர்

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு வயலோரத்தில், பெரிய பெட்டிக் கேமராவில் எந்தப் பாகத்தை நகர்த்தினால் படம் எப்படி மாறும் என்று பழகிக்கொண்டிருந்தேன். எதிரே கூலியாட்களின் குடிசைகள். அவற்றுக்கு முன்னால் அவர்கள் நட்டிருந்த சிவப்புக் கொடி.

பண்ணை நிலங்களை மேற்பார்க்கும் காரியக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. எதைப் பார்த்தாலும் குடை நுனியால் தட்டுவார். என் கேமராவின் காலையும் தட்டினார்.

"யார் அனுப்புனா? கொடியப் படம் புடிக்கத்தானே வந்தீங்க?"

அவரையே கேமராவின் பின்புறம் போர்த்தியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, முன்னால் லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தினேன். உள்ளே படம் விழும் கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்த கொடி காணாமல் போனது.

வெளியே வந்து பார்த்தார். பெட்டி நகரவில்லை, கொடியும் அங்கேயே நின்றது. நம்பாமல் மறுபடி குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுனா, அந்தக் குடிசைங்களும் போயிடுமாங்க?"

முகம் துணிக்குள் இருந்தது. சிரித்துக்கொண்டு கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.